பக்கத்து வீட்டில் முதலில் விழும் விக்கெட்

கண்ணு, முழுப் பரீட்சை முடிந்துவிட்டது. புத்தகப் பை பரணில் ஏறிவிட்டது. காலையில் மொட்டை மாடியில் பாட்டி பிழிந்த வடாமைக் காக்கை கொத்தாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. மத்தியானம் நுங்கு. சாயங்காலம் தெருவில் கிரிக்கெட். இரவு ஏழரை மணிக்கு மொத்தக் குடும்பமும் டிவி முன்னால். 2008-இல் ஐ.பி.எல். தொடங்கியதிலிருந்து ஏப்ரலும் மே மாதமும் நம் வீடுகள் பலவற்றில் இப்படித்தான் போகின்றன.

அப்படி மேட்ச் பார்க்கும்போது ஒரு விசித்திரம் நடக்கும். கவனித்திருக்கிறாயா?

கடைசி ஓவர். உன் டிவியில் பவுலர் இன்னும் பந்தைப் பேன்ட்டில் தேய்த்துக்கொண்டு நிற்கிறார். அதற்குள் பக்கத்து வீட்டில் "அவுட்டு!" என்று கூரை பறக்கிறது. உன் வீட்டில் ஸ்டம்ப் விழ இன்னும் சில நொடி ஆகிறது. "சே, சொல்லிட்டாங்கடா!" என்று உன் அண்ணன் தலையணையைத் தூக்கி எறிகிறான். அப்பா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுகிறார்.

நீ மட்டும், "அவங்களுக்கு எப்படிப்பா முன்னாடியே தெரிஞ்சுது?" என்று கேட்கிறாய்.

சபாஷ்! இந்தக் கேள்வி கேட்கிற பிள்ளையைத்தான் எனக்குப் பிடிக்கும். இரண்டு வீட்டிலும் அதே மேட்ச். மூலையில் "நேரலை" என்று இரண்டு டிவியிலும்தான் போட்டிருக்கிறது. பிறகு ஏன் இந்த முன்னே பின்னே?

வா, முதலில் சேப்பாக்கம் போய்விட்டு வருவோம். 1916-இல் உருவான மைதானம் அது. நீயும் நானும் மேல் கேலரியில் உட்கார்ந்திருக்கிறோம். பேட்ஸ்மேனுக்கும் நமக்கும் நடுவில் 100 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள். மட்டையில் பந்து படுவது கண்ணுக்குத் தெரிகிறது. "டக்" என்ற சத்தம் கொஞ்சம் பின்தங்கி வருகிறது.

ஏன்? ஒளி ஒரு நொடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். சத்தமோ, நம் ஊர் ஏப்ரல் வெயிலில், நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர்தான். (காற்று சூடாக இருந்தால் சத்தம் வேகமாகப் போகும். மார்கழியில் இதைவிடக் கொஞ்சம் குறையும்.) 100 மீட்டரைக் கடக்க அதற்கு 0.29 நொடி வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த இடைவெளி நம் கண்ணுக்கும் காதுக்கும் நன்றாகவே பிடிபடும்.

டிக்கெட் எடுத்துச் சேப்பாக்கம் போக வேண்டும் என்றில்லை. ஆற்றின் அக்கரையில் யாராவது கல்லில் துணி துவைத்தால் பார். துணி கல்லில் அறைந்து, மறுபடி தோளுக்கு மேலே ஏறிய பிறகு "தொப்" என்று கேட்கும். 175 மீட்டர் தள்ளி நின்றால் அரை நொடி வித்தியாசம். கணக்கு சரிதானா? நீயே வகுத்துப் பார்.

இங்கே ஒரு கிளைக்கதை. அவசரமில்லையே? லீவுதானே!

உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் 100 மீட்டர் ஓட்டம். தொடக்கக் கோட்டில் பி.டி. சார் துப்பாக்கியை உயர்த்துகிறார். முடிவுக் கோட்டில் இன்னொரு சார் ஸ்டாப்வாட்ச்சோடு நிற்கிறார். அவர் எதை வைத்துப் பொத்தானை அழுத்த வேண்டும்? வெடிச் சத்தத்தையா, துப்பாக்கியிலிருந்து வரும் புகையையா?

புகையைத்தான். சத்தத்துக்குக் காத்திருந்தால் 0.29 நொடி தாமதமாகக் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஓடியவன் கணக்கில் 0.29 நொடி சும்மா கிடைக்கும். உசேன் போல்ட் 2008-இல் பெய்ஜிங்கில் 9.69 நொடியில் ஓடினார். அடுத்த ஆண்டு பெர்லினில் 9.58. இரண்டுக்கும் வித்தியாசம் 0.11 நொடிதான். உலகமே வாய் பிளந்த அந்தச் சாதனையைவிட நம் சாரின் காது செய்யும் தவறு பெரிது!

ஒலிம்பிக்கில் இதற்கு அழகாக ஒரு வழி செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஓட்டக்காரருக்கும் பின்னால் ஒரு சின்ன ஸ்பீக்கர். துப்பாக்கிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் எட்டாவது பாதையில் இருப்பவருக்கும் சத்தம் ஒரே சமயத்தில் கேட்க வேண்டுமே, அதற்காக.

சரி, கிரிக்கெட்டுக்குத் திரும்புவோம். இதுவரை புரிந்ததா? ஒளி வேகம், சத்தம் மெது. கேலரியில் இருப்பவருக்குச் சத்தம் 0.29 நொடி பழையது.

இப்போது ஸ்டம்புக்குள் ஒரு மைக் இருக்கிறதே, அதை நினைத்துக்கொள். மட்டைச் சத்தம் அதற்குக் கிட்டத்தட்ட உடனே கேட்டுவிடும். அந்த மைக்கிலிருந்து நடுவில் எங்கும் நிற்காமல் ஒரு கம்பி மதுரையில் உன் வீட்டுக்கு வந்தால்? கம்பிக்குள் ஓடும் சைகை ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் ஓடும். சென்னையிலிருந்து மதுரை வர ஒரு நொடியை ஆயிரமாக வெட்டி அதில் இரண்டு, மூன்று பங்கு போதும். மேல் கேலரியில் நாம் கேட்பதற்கு முன்னாலேயே நீ மதுரையில் "டக்" கேட்டுவிடுவாய்!

நம்ப முடியவில்லையா? இன்னொரு முறை படித்துப் பார். நான் காத்திருக்கிறேன்.

அப்படியானால் ஒன்று தெரிகிறது, இல்லையா? தூரம் பெரிய விஷயமே இல்லை. "நம்ம வீடு ஸ்டேடியத்துக்குத் தூரம், அதான் லேட்டு" என்று உன் அண்ணன் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. பக்கத்து வீடும் அதே தூரம்தானே!

ஆனால் டிவி படம் நேர்க் கம்பியில் வருவதில்லை. அது பயணம் செய்யும் வழியே வேறு.

மைதானத்துக்கு வெளியே பெரிய வண்டிகள் நிற்கும். பல கேமராக்களின் படங்கள் அங்கே வந்து சேரும். எந்தப் படத்தைக் காட்டலாம் என்று ஒருவர் தேர்ந்தெடுப்பார். ரன் கணக்கை ஒட்டுவார்கள். பிறகு படம் ஸ்டூடியோவுக்குப் போகும். நீ கேட்கும் தமிழ் வர்ணனையாளர்கள் பல சமயம் மைதானத்தில் இருப்பதில்லை. வேறொரு ஊரில் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, அவர்களும் உன்னைப் போலவே திரையைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

அங்கிருந்து படம் வானத்துக்கு ஏறும். உங்கள் மொட்டை மாடியில் வடாம் காயும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டிஷ் இருக்கிறதா? நாளைக்குக் காக்கை விரட்டப் போகும்போது தெருவை ஒரு சுற்றுப் பார். ஒரே நிறுவனத்தின் டிஷ் எல்லாம் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பி நிற்கும். அந்தத் திசையில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அவற்றின் செயற்கைக்கோள் இருக்கிறது. பூமி தன்னைத் தானே ஒரு சுற்றுச் சுற்றும் அதே நேரத்தில் அதுவும் பூமியை ஒரு சுற்று வந்துவிடும். அதனால் நம் கண்ணுக்கு அது வானத்தில் ஒரே இடத்தில் நிற்கும். டிஷ்ஷை ஒருமுறை திருகி வைத்தால் போதும். அறிவியல் கதைகள் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், இந்த உயரத்தில் செய்தி பரப்பும் நிலையங்களை வைக்கலாம் என்று 1945-லேயே கட்டுரை எழுதினார். அப்போது வானத்தில் ஒரு செயற்கைக்கோள்கூடக் கிடையாது! பிற்காலத்தில் அவர் இலங்கையில் போய்க் குடியிருந்தார்.

மேலே போக 36,000, கீழே வர 36,000. மொத்தம் 72,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் போய் வர எவ்வளவு நேரம்? 0.24 நொடி. கால் நொடிகூட ஆகவில்லை.

பார்த்தாயா? விண்வெளிக்குப் போய் வந்தே கால் நொடிதான். நமக்கோ நொடிக்கணக்கில் தாமதம். மீதி நேரம் எங்கே போனது?

படத்தைச் சுருக்குவதில் போனது. கொஞ்சம் நிதானமாக இதைச் சொல்கிறேன்.

டிவியில் படம் ஓடுவதில்லை. ஒரு நொடிக்கு 25 அசையாத படங்கள் வந்து போகின்றன. ஓடுவதாக நமக்குத் தோன்றுகிறது. எச்.டி. படம் ஒன்றில் 20 லட்சத்துக்கும் மேல் புள்ளிகள். இத்தனையையும் அப்படியே அனுப்பினால் வானத்தில் இடம் போதாது. அதனால் ஒரு தந்திரம். முதல் படத்தை முழுசாக அனுப்புவார்கள். அடுத்த படத்தில் எது மாறியதோ அதை மட்டும் அனுப்புவார்கள். புல் அதே புல். எல்லைக்கோடு அதே கோடு. பவுலர் இரண்டு அடி முன்னால் வந்திருக்கிறார். அதை மட்டும் சொன்னால் போதுமே!

ஆனால் எது மாறியது என்று தெரிய வேண்டுமானால், கருவி பல படங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். கையில் வைத்திருக்கும் நேரமெல்லாம் தாமதம். உன் வீட்டு செட்-டாப் பாக்ஸ் அதைப் பிரித்து மறுபடி முழுப் படமாக்க வேண்டும். அதற்கும் நேரம். இப்படி ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்து சில நொடி ஆகிவிடுகிறது. ஒரே டிவியில் எச்.டி. சேனலும் சாதாரண சேனலும்கூட முன்னே பின்னே ஓடுவதுண்டு.

இந்தத் தந்திரம் திணறுவதை நீ கண்ணாலேயே பார்க்கலாம். இறுதிப் போட்டி முடிந்து கோப்பையைத் தூக்கும்போது மினுமினுக் காகிதங்கள் மழையாகக் கொட்டும், இல்லையா? அந்த நேரத்தில் திரைக்கு அருகில் போய்ப் பார். படம் சின்னச் சின்னக் கட்டங்களாகக் குழம்பும். காகிதத் துண்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பறப்பதால், "எது மாறியது" என்ற பட்டியல் எக்கச்சக்கமாக நீண்டுவிடுகிறது. (பார்த்தவுடன் தள்ளி வந்துவிடு. அம்மா திட்டினால் நான் பொறுப்பில்லை.)

இனி போனுக்கு வருவோம். பெரிய தாமதம் அங்கேதான்.

சேலத்தில் உன் மாமாவுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள். உனக்கு மல்கோவா அனுப்ப ஆசை. ஒவ்வொரு பழமும் பழுக்கப் பழுக்க, ஒன்றை மட்டும் பறித்து ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடுவாரா? மாட்டார். பிரம்புக் கூடையில் வைக்கோல் போட்டு, கூடை நிறையும்வரை காத்திருப்பார். நிறைந்ததும் வாயைக் கட்டி ஏற்றிவிடுவார். முதலில் பறித்த பழம், கடைசிப் பழம் வரும்வரை கூடைக்குள்ளேயே கிடக்கும்.

போனில் வரும் மேட்ச்சும் அப்படித்தான். இணையத்தில் படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். ஒரு துண்டு 6 நொடி என்று வைத்துக்கொள். அந்த 6 நொடி ஆட்டம் நடந்து முடிந்தால்தான் கூடை நிறையும். நிறைந்த பிறகே புறப்படும். அதற்குள்ளேயே 6 நொடி போய்விட்டது!

கதை அதோடு முடியவில்லை. நீ பழம் சாப்பிட உட்காருகிறாய். அடுத்த கூடை வர நேரமானால் கை வெறுமையாகிவிடுமே என்று, இரண்டு மூன்று கூடைகள் வீட்டில் சேர்ந்த பிறகே சாப்பிடத் தொடங்கினால் நல்லதுதானே? உன் போனும் அதைத்தான் செய்கிறது. சில துண்டுகளை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்கிறது. சிக்னல் திக்கினாலும் படம் நிற்காமல் ஓடும். அதற்குக் கொடுக்கும் விலை, இன்னும் பல நொடி தாமதம். எல்லாம் சேர்ந்து சில சமயம் அரை நிமிடம்வரைகூடப் போகும்.

ஒரே மேட்ச்சைப் பல தரத்தில் தயாராக வைத்திருப்பார்கள் என்பது தெரியுமா? தெளிவான பெரிய கூடை ஒன்று, மங்கலான சின்னக் கூடை ஒன்று. நெட் மந்தமானால் போன் தானாகவே சின்னக் கூடையைக் கேட்டு வாங்கும். அந்த நேரத்தில்தான் தோனியின் முகமும் ஜடேஜாவின் முகமும் உனக்கு ஒரே மாதிரி தெரியும்.

புரிந்ததா கண்ணு? டிஷ் வைத்த வீடு, கேபிள் வீடு, போனில் பார்க்கும் வீடு. அதே ஆட்டம், வேறு வேறு வழி. ஒவ்வொரு வழியிலும் ஒவ்வொரு அளவு காத்திருப்பு. பக்கத்து வீட்டில் டிஷ், உன் வீட்டில் போனை டிவியோடு இணைத்துப் பார்க்கிறீர்கள் என்றால், விக்கெட் அவர்கள் வீட்டில்தான் முதலில் விழும். அவர்களுக்கும் ஒரு குறை உண்டு. கோடை மழை கனமாகப் பிடித்தால் மழைத்துளிகள் செயற்கைக்கோள் சைகையை விழுங்கிவிடும். டிஷ் வீட்டில் திரை கறுத்துப் போகும். அப்போது அவர்கள் உன் வீட்டுக்கு ஓடி வருவார்கள்!

தாத்தாவிடம் கேட்டுப் பார். டிவி வராத காலத்தில் டிரான்சிஸ்டர் ரேடியோவைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு கிரிக்கெட் கேட்டிருப்பார். தமிழில் வர்ணனை சொல்லிப் புகழ்பெற்றவர் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். அவர் குரல் உங்கள் தாத்தாவுக்கு ஞாபகம் இருக்கலாம். அந்தக் காலத்து ரேடியோவில் கூடையும் கிடையாது, சுருக்குவதும் கிடையாது. வர்ணனையாளர் வாயைத் திறந்தால் நம் காதில் கேட்டுவிடும். சிலர் மைதானத்துக்கே ரேடியோவைக் கொண்டுபோய், கண்ணால் ஆட்டத்தையும் காதால் வர்ணனையையும் அனுபவிப்பார்கள். இன்றைக்குக் கேலரியில் போனில் அதே மேட்ச்சைப் போட்டுப் பார். மைதானத்தில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி, அடுத்த பந்துக்குப் பவுலர் திரும்பி நடந்துகொண்டிருப்பார். போனில் அந்தப் பந்தே இன்னும் வீசப்பட்டிருக்காது. கருவி வளர வளரப் படம் தெளிவாகிவிட்டது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் தாத்தாவின் ரேடியோதான் கெட்டி என்பது என் கட்சி.

சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் போதுமா? இன்றைக்கு இரவே நீ அளந்து பார்க்கலாம். ஒரு நோட்டு, பென்சில், ஸ்டாப்வாட்ச் உள்ள கைக்கடிகாரம் எடுத்துக்கொள். வீட்டு டிவியில் மேட்ச் ஓடட்டும். அம்மாவிடம் கேட்டு, போனிலும் அதே மேட்ச்சைப் போடு. போனின் சத்தத்தை நிறுத்திவிடு. இரண்டு திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்.

எந்தத் திரை முந்துகிறது என்று முதலில் பார்த்துக்கொள். அந்தத் திரையில் பந்து மட்டையில் படும் அந்தக் கணம் பொத்தானை அழுத்து. பின்தங்கிய திரையில் அதே பந்து மட்டையில் படும்போது நிறுத்து. அந்த எண்ணை எழுது. அடுத்த பந்து, மறுபடி. இரண்டு ஓவர் முடிந்ததும் எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடு.

"நான் அழுத்தவே கொஞ்ச நேரம் ஆகுமே, கணக்கு தப்பாகாதா?" என்று கேட்கிறாயா? அருமையான கேள்வி! கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுத்த ஏறக்குறைய 0.2 நொடி பிடிக்கும். ஆனால் தொடங்கும்போதும் 0.2 தாமதம், நிறுத்தும்போதும் 0.2 தாமதம். இரண்டும் கழிந்துவிடும். அதனால்தான் தொடங்குவதும் நிறுத்துவதும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். அண்ணன் தொடங்கி நீ நிறுத்தினால் அந்தக் கழித்தல் சரியாக வராது.

ஒரு விளம்பர இடைவேளைக்குப் பிறகு இன்னொரு முறை அளந்து பார். நடுவில் போனில் வட்டம் சுற்றிக்கொண்டு நின்றிருந்தால், பழைய எண்ணைவிட இந்த எண் பெரிதாக வரலாம். ஆப்பை மூடி மறுபடி திறந்தால் எண் குறைவதும் உண்டு. ஏன் கூடியது, ஏன் குறைந்தது? மாமாவின் கூடைக் கணக்கை வைத்து யோசித்துப் பார். விடையை நோட்டின் அதே பக்கத்தில் எண்களுக்குக் கீழே எழுதி வை.